பனி பார்க்கப் போன கதை



வித்துராவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ‘பனி’ என்னும் சொல் கொடுத்துவரும் தொல்லை சிறிதன்று. எங்கள் வீட்டில் நிகழ்ந்ததையே முதலில் கூறிவிடுகிறேன்.

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் என் தாயார் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து, “பையனை வெளியே விடாதே, பனியாக இருக்கிறது” என்றார். வேலிக்கு அப்பால் நின்றிருந்த அண்டை வீட்டுச் சேச்சியின் காதில் அது விழுந்தது. “பனியோ? எப்போள் தொடங்ஙி?” என்று அவர் பதறினார். “நேற்று இரவிலிருந்தே இருக்கிறது” என்றார் தாயார். “டாக்டரைக் கண்டோ?” என்று அடுத்த கேள்வி வந்தது. “பனிக்கு எதற்கு டாக்டர்? வெயில் ஏறினால் தானே போய்விடும்” என்று தாயார் விடையிறுக்க, அந்த அம்மையார் திகைத்து நின்றுவிட்டார். கால் மணி நேரத்திற்குள் ஒரு செம்பு நிறையச் சுக்குக் காப்பி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் பனி என்று கூறுவதை அவர்கள் மஞ்ஞு என்பர். உண்மை வெளிப்பட்ட பின்னர் இரு வீட்டாரும் சிரித்து மகிழ்ந்தோம். சுக்குக் காப்பியும் வீண் போகவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி நமக்குப் பனி. மலையை மூடும் வெண்மூட்டமும் பனி. இமயமலையில் மூடிக் கிடப்பதும் பனியே. மலையாளத்தாரின் மஞ்ஞும் அவ்வாறே எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். இந்தச் சொற்சிக்கனம்தான் 2019ஆம் ஆண்டு சனவரியில் எங்கள் குடும்பத்தை மூணாறு வரை அழைத்துச் சென்றது.

அவ்வாண்டு சனவரித் தொடக்கத்தில் மூணாற்றுத் தோட்டங்களில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே மூன்று டிகிரி வரை இறங்கியது. செண்டுவாரை, சைலண்ட் வேலி முதலிய இடங்களில் புல்வெளிகள் வெண்மையாகக் கிடக்கும் படங்கள் பத்திரிகைகளிலும் கைபேசிகளிலும் வந்து குவிந்தன. மஞ்ஞு வீழ்ச்சி என்று சிலர் எழுதினர். கேரளத்தில் காஷ்மீர் என்று சிலர் எழுதினர். வித்துராவிலோ வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. பொன்முடிக்குச் செல்லும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினாலும் மூட்டத்தைத்தான் காணலாமே தவிர, வெண்மையான தரையைக் காண்பதற்கில்லை.

திருவனந்தபுரத்தில் நான் எழுத்தனாகப் பணிபுரியும் ரயில்வே அலுவலகத்தில் அந்த வாரம் மூவர் விடுப்புக் கேட்டனர். மூவரும் விண்ணப்பத்தில் ‘சொந்த அலுவல்’ என்றே எழுதியிருந்தனர். நானும் அவ்வாறே எழுதினேன். பின்னர் அம்மூவரில் இருவரை மூணாற்றுக் கடைத்தெருவில் குரங்குக் குல்லாயுடன் கண்டேன்.

எனக்கு அங்கே செல்ல வேறொரு காரணமும் உண்டு. என் தமக்கையார் குண்டளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர், கொழுந்து பறிப்பவர். எங்கள் தந்தையார் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் ஆதலால் தேயிலைச் செடி எங்கள் வீட்டுக்குப் புதிதன்று. புறப்படுவதற்கு முதல் நாள் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, பனி பார்க்க வருகிறோம்” என்று உற்சாகமாகக் கூறினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “வா தம்பி, பிள்ளைக்குக் கம்பளி எடுத்து வா” என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு பகல் முழுதும் பிரயாணம் செய்து, இருட்டிய பின் லயத்தை அடைந்தோம். தமக்கையார் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். உண்ட கை விறைக்கும் அளவுக்குக் குழாய் நீர் குளிர்ந்திருந்தது. இரவு பத்து மணி அளவில் என் மகன் கம்பளிக்குள்ளும் நடுங்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து என் மனைவியும் கலங்கினாள். அப்பொழுதுதான் நான் ஒரு பெரும் பிழை செய்யத் துணிந்தேன்.

வெளித் திண்ணையில் கணப்புச் சட்டி ஒன்றில் கரி கனன்றுகொண்டிருந்தது. அதனைத் தூக்கி வந்து நாங்கள் படுத்திருந்த அறைக்குள் வைத்தேன். கதவைத் தாழிட்டேன். சன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்தேன். புகை சிறிதும் இல்லை, செந்தணல் மட்டுமே இருந்தது. இதமான வெப்பம் பரவிற்று. மகனின் நடுக்கம் நின்றது. தந்தையின் கடமையைச் செய்துவிட்டதாக எண்ணிக் கண்ணயர்ந்தேன்.

கதவு இடிபடும் ஓசை கேட்டு விழித்தேன். தலை பாரமாக இருந்தது. எழ முயன்றால் கால் தள்ளாடிற்று. தட்டுத் தடுமாறித் தாழை நீக்கினேன். அத்தான் உள்ளே புகுந்து, ஒரு சொல்லும் பேசாமல் சட்டியைத் தூக்கிச் சென்று வாசலில் வைத்துவிட்டு, மகனை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். திண்ணையில் இருந்த சட்டியைக் காணாமல்தான் அவர் எங்கள் அறையைத் தட்டியிருக்கிறார். சிறிது நேரம் கழித்து, “மாப்பிள்ளை, குளிர் யாரையும் ஒரே இரவில் கொன்றுவிடாது, இது கொன்றுவிடும்” என்றார். அவர் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வாசகர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். மூடிய அறையில் கரி முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை தெரியவில்லை என்பதனால் ஆபத்து இல்லை என்று கொள்வது தவறு. அது இரத்தத்தில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் அசதியும் தோன்றி, தூக்கம் வந்து, தூக்கத்திலேயே உயிர் போகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்த இடத்தில் இவ்வாறு இறந்தோர் உண்டு. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வழக்கத்திற்கு மாறான கடும்பனி பெய்து, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றபோது, வெப்பம் தேடி வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டியும், மூடிய கொட்டகைக்குள் மோட்டார் வண்டியை ஓடவிட்டும் பலர் இந்த வாயுவுக்கு இரையாயினர். அப்புயலினால் இறந்தோர் 246 பேர் என்று அம்மாநில அரசு கணக்கிட்டது. கல்வியும் வசதியும் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நிகழ்ந்தது. குளிரை அறியாத ஊரார் குளிரைச் சந்திக்கும்போது, குளிரைவிட அவர்களது அறியாமையே அவர்களுக்குப் பகையாகிறது.

விடிவதற்கு முன்பே வெளியில் வண்டிகளின் ஓசை கேட்டது. நாங்களும் புறப்பட்டோம். வாசலில் இருந்த குண்டானின் நீர்மேல் கண்ணாடித் தகடு போல் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. சாலையில் திருவனந்தபுரம், கொல்லம், எர்ணாகுளம், மதுரை என்று பல ஊர் வண்டிகளும் வரிசையாக நின்றன. கிழக்கு வெளுத்தபோது, சாலைக்குக் கீழே பள்ளத்தில் விரிந்திருந்த புல்வெளி முழுவதும் உப்பளம் போல் வெண்மையாகத் தோன்றிற்று. அக்காட்சியை அழகன்று என்று எவரேனும் கூறுவாராயின் அவர் பொய் கூறுகிறார் என்றே கொள்ளலாம்.

ஜனங்கள் செய்தவற்றை எவ்வாறு கூறுவேன்! நரைத்த தலையர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நடந்து, சுட்டதைப் போல் துள்ளினார். வண்டிக் கூரையில் படிந்ததைச் சுரண்டி உருண்டை பிடித்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தனர். இளைஞர் ஒருவர் வண்டிக் கண்ணாடியில் தம் பெயரை எழுதினார். என் மகன் புல்லை நக்கிப் பார்த்து, “அப்பா, இனிப்பு இல்லை” என்று ஏமாற்றத்துடன் முறையிட்டான். பின்னர் தன் உணவுப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துகளைப் பிடி பிடியாக அள்ளி நிரப்பிக்கொண்டான். பாட்டிக்குக் காட்ட வேண்டுமாம்.

தமக்கையார் எங்களுடன் வரவில்லை. திரும்பும்போது தோட்டத்துப் பள்ளத்தில், தேயிலை வரிசைகளுக்கு நடுவே அவரும் வேறு இரு பெண்களும் நிற்பதைக் கண்டு இறங்கிச் சென்றேன். நேற்று முன்தினம் பனி தாக்கிய செடிகள் அங்கே இருந்தன. மேற்பரப்பிலிருந்த கொழுந்துகள் யாவும் செம்பு நிறமாகி, சில கருகிச் சுருண்டிருந்தன. தீ வைத்தது போல் இருந்தது. தமக்கையார் ஒரு கொழுந்தைக் கிள்ளினார். அது அவர் விரல்களுக்கு இடையே பொடிந்து உதிர்ந்தது.

“தம்பி, நீங்கள் எல்லாரும் எது வர வேண்டும் என்று ஓடி வருகிறீர்களோ, அது வரக் கூடாது என்றுதான் நாங்கள் இரவெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். நீ தொலைபேசியில் கேட்டபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை” என்றார்.

தோட்டத்து வருமானத்தின் கணக்கு வாசகர் பலருக்குத் தெரிந்ததே. நாட்கூலிக்கு என்று ஓர் எடை உண்டு. அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கூலி. பிள்ளைகளின் பள்ளிச் செலவும், சீட்டுப் பணமும், திருநாள் துணியும் அந்த மேலதிகக் கிலோக்களில்தான் இருக்கின்றன. கொழுந்து கருகினால் அந்தப் பணம் கருகிற்று. களை எடுக்கவும் கவாத்து வெட்டவும் வேலை கிடைக்கலாம். கூடையின் நிறை கிடைக்காது.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றவனாகிய எனக்கு, இது எவ்வாறு நிகழ்கிறது என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூணாற்றில் விழுந்தது பனியன்று. உண்மையில் எதுவும் விழவே இல்லை. இமயமலையில் பெய்யும் பனி, மேகத்திலே உருவாகி இறங்குவது. மூணாற்றில் நாம் கண்டது உறைபனி. அது தரையிலேயே உண்டாவது. மேகமற்ற, காற்றசையாத நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை வானில் விட்டுவிடுகிறது. புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட மிகுதியாகக் குளிர்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் துகளாகப் படிந்து உறைகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல் நிலத்தின் வெப்பத்தைத் தடுத்து வைத்துவிடும். ஆகவே நம் தென்னாட்டு மலைகளில் உறையும் அளவுக்குக் குளிரும் இரவுகளில் பெரும்பாலும் மேகம் இராது. மேகம் திரளும் இரவுகளில் அவ்வளவு குளிர் இராது.

குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவிலே தண்ணீரைப் போல் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆதலால்தான் மேட்டுச் செடி பசுமையாக நிற்க, நூறு அடி கீழே உள்ள செடி கருகிவிடுகிறது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து நுண்ணறைகளைக் கிழித்துவிடுகிறது. காலை வெயில் பட்டதும் அதன் சேதம் வெளிப்படுகிறது. தாக்கப்பட்ட செடிகளைக் கவாத்து வெட்டிவிட்டுப் புதிய தளிருக்குக் கோடை மழையை எதிர்பார்த்திருக்க வேண்டும். நீலகிரியில் இளஞ்செடிகளைத் தழைகொண்டு மூடுவதும், வெயில் ஏறுமுன் நீர் தெளிப்பதும் உண்டு. மலை மலையாய் விரிந்த தோட்டத்தை யாரால் மூட முடியும்?

பிரேசில் நாட்டில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே நினைவுகூரத் தக்கது. பரானா என்னும் மாநிலத்தின் தலைநகரான குரிச்சிபாவில் 1975ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பனி பெய்தது. அரிதினும் அரிதான அக்காட்சியைக் காண நகரத்தார் தெருவில் இறங்கிக் களித்தனர். அதே குளிர் அம்மாநிலத்தின் வடக்கே இருந்த காப்பித் தோட்டங்களை அவ்விரவிலும் மறுநாளிலும் கருக்கிவிட்டது. அடுத்த ஆண்டு அங்கே அறுவடை ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. உலகெங்கும் காப்பியின் விலை ஏறிற்று. தோட்டத்து வேலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல, பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் பெயர்ந்தன. நகரத்தார்க்கு அது பனிவிழா நாள். கூலிக்காரர்க்கு ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள். குடிபெயர்ந்தோரின் மக்களாகிய நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஆனால் இத்துடன் நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையையே எழுதியவன் ஆவேன். அன்று மாலை கடைத்தெருவில் தேநீர்க் கடைக்காரர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். அவரும் நம் தமிழரே. 2018ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தப் பூக்காலத்தை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பியிருந்தாராம். ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளம் வந்து சாலைகளைக் குலைத்தது; வர வேண்டிய கூட்டம் வரவில்லை. “கடவுள் அதற்கு ஈடாக இந்த உறைபனியை அனுப்பினார்” என்றார் அவர். ஜீப்பு ஓட்டுவோரும், விடுதியில் பாத்திரம் கழுவுவோரும் அவ்வாறே எண்ணினர். 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறிய ரயில் பாதையை இழந்த ஊர் அது. ரயில்வே உத்தியோகத்தன் என்ற முறையில் எனக்கு அந்த இழப்பு எப்போதுமே உறுத்தும். வெள்ளம் ஒருவர் கையிலிருந்து பறிப்பதையும், பனி இன்னொருவர் கையில் கொடுப்பதையும் அவ்வூரார் பலமுறை கண்டிருக்கின்றனர்.

ஆகவே பனி பார்க்கப் போகாதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நம் பிள்ளைகளும் வெள்ளைப் புல்வெளியை ஒருமுறை காணட்டும். போவோர் தேயிலை வரிசைக்குள் புகுந்து மிதிக்க வேண்டா. குழந்தைகளுக்குக் கம்பளியும் காலுறையும் மிகுதியாக எடுத்துச் செல்லுங்கள். கணப்புச் சட்டியை அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்துக் காணச் செல்லும் காட்சிக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கலாம். அவரைக் காண நேர்ந்தால், “எவ்வளவு அருமையாக இருக்கிறது!” என்று தொடங்காமல், “உங்களுக்கு எவ்வளவு சேதம்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதுவே. உடன்பிறந்தவளிடமே கேட்கத் தவறினேன்.

வித்துராவுக்குத் திரும்பியதும் என் மகன் உணவுப் பெட்டியை மிகுந்த பெருமையுடன் பாட்டியின் முன் திறந்தான். உள்ளே இரண்டு கரண்டித் தண்ணீரும் மூன்று புல்லும் இருந்தன. “இதுதான் பனி” என்றான். அன்று இரவே அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் சேச்சி சுக்குக் காப்பியுடன் வந்தபோது என் தாயார், “இம்முறை உங்கள் பனிதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரலில் தமக்கையார் தொலைபேசியில் பேசினார். கோடை மழை பெய்துவிட்டதாம். வெட்டிய செடிகள் துளிர்க்கத் தொடங்கிவிட்டனவாம். “கூடை நிறைய இன்னும் சில வாரம் ஆகும்” என்றார். எவ்வளவு குறைந்தது என்று இம்முறை நான் கேட்டேன். அவர் ரூபாய்க் கணக்கை மாதவாரியாக ஒன்றுவிடாமல் சொன்னார். அதனைக் கேட்பவர் ஒருவருக்காக அவர் சனவரியிலிருந்தே காத்திருந்தார் போலும்.